டூல்பார் காலத்துச் சர்வீஸ்காரர்கள்

சென்னையில் 2003 முதல் பத்தாண்டுக் காலம் வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்து பிழைத்தவர்களில் நானும் ஒருவன். ரிச்சி தெருவில் ராமும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் வாங்கிக்கொண்டு நங்கநல்லூர், ஆதம்பாக்கம், மேற்கு மாம்பலம் என்று வண்டியில் சுற்றுவேன். போனில் வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "தம்பி, நெட் ரொம்ப இழுக்குது, ஏதேதோ பக்கம் தானா திறக்குது." போய்ப் பார்த்தால் பிரவுசரின் நெற்றியில் நான்கைந்து டூல்பார்கள் அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கும். எங்கள் தொழிலுக்குச் சோறு போட்டதில் பெரும் பங்கு அவற்றுக்கு உண்டு. எத்தனையோ குடும்பங்களின் படங்கள் அழிந்ததற்கும் அவைதான் காரணம் என்பதால் இதைப் பதிவு செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன்.

1997இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4, வெளியார் எழுதிய நிரல் பிரவுசருக்குள்ளேயே சேர்ந்து ஓடுவதற்கு வழி திறந்தது. பிரவுசர் ஹெல்பர் ஆப்ஜெக்ட் என்று அதற்குப் பெயர். பிரவுசர் பார்ப்பதையெல்லாம் அதுவும் பார்க்கும். அது தடுக்கி விழுந்தால் பிரவுசரும் விழும். தொடக்கத்தில் இதனால் நன்மையும் இருந்தது. 2001இல் வந்த ஆறாம் பதிப்பில் தேடல் பெட்டி கிடையாது, டேப் கிடையாது, பாப்-அப் விளம்பரங்களைத் தடுக்க வழியும் கிடையாது. கூகுள் 2000 டிசம்பரில் வெளியிட்ட டூல்பார் முதல் குறையைத் தீர்த்தது. 2003இல் பாப்-அப் தடுப்பையும் சேர்த்தது. நானே பல வீடுகளில் அதைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், கேட்டு வாங்கினார்கள்.

கேட்காமல் வந்தவைதான் நோய். இலவச மென்பொருளை நிறுவும்போது நடுவில் ஒரு திரை வரும். அதில் டிக் ஏற்கெனவே போடப்பட்டிருக்கும். நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அழுத்திப் போகிறவர் கண்ணில் அது படாது. ஹாட்பார், கேட்டர் போன்றவை முதல் அலை. பிறகு தேடல் விளம்பரத்தில் பங்கு கிடைக்கும் என்று ஆனதும் பெரிய முதலீடே இறங்கியது. டூல்பார் தயாரித்த இஸ்ரேலிய நிறுவனமான கண்டூயிட்டில் 2012இல் ஜே.பி. மார்கன் 10 கோடி டாலர் போட்டது. நிறுவனத்தின் மதிப்பு 130 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். பெயர் பெற்ற நிறுவனங்களும் விலகி நிற்கவில்லை. ஆரக்கிளின் ஜாவா அப்டேட்டுகளோடு ஆஸ்க் டூல்பார் வந்தது. ஜாவா ஏறி முடிந்த பிறகும் அது பத்து நிமிடம் காத்திருந்து தன்னை நிறுவிக்கொள்ளும். உடனே கண்ட்ரோல் பேனலைத் திறந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. எழுதியவர்களுக்குத் தாங்கள் செய்வது இன்னதென்று நன்றாகத் தெரிந்திருந்தது என்பதற்கு அந்தப் பத்து நிமிடமே சாட்சி.

நம் வீடுகளில் இதன் பாரம் இன்னும் கூடுதல். பதினைந்து அங்குல மானிட்டரில் ஐந்து டூல்பார் ஏறினால் பக்கத்தைப் படிக்க இடமே இருக்காது. 2005இல் வந்த பி.எஸ்.என்.எல். பிராட்பேண்டின் வேகம் 256 கே.பி.பி.எஸ்.; சாதாரணத் திட்டங்களில் மாதத்துக்கு இவ்வளவுதான் என்ற அளவும் உண்டு. சில திட்டங்களில் இரவு இரண்டு மணி முதல் காலை எட்டு வரை கணக்கில் சேராது என்பதால் அலாரம் வைத்து எழுந்து டவுன்லோடு போட்டவர்களை எனக்குத் தெரியும். அப்படிச் சிக்கனமாக வைத்திருந்த அளவிலிருந்து விளம்பரப் படங்கள் தின்றுகொண்டிருந்தன.

எங்கள் தொழிலில் இதற்கு இருந்த சுலபமான வைத்தியம் ஃபார்மட். எக்ஸ்.பி. சி.டி.யைப் போட்டு, சி டிரைவை அழித்து, ஓ.எஸ். போட்டுவிட்டால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது, கூலியும் கைக்கு வந்தது. ஆனால் வீட்டுக்காரர்கள் எல்லாவற்றையும் வைத்திருந்த இடம் டெஸ்க்டாப்பும் மை டாக்குமென்ட்ஸும்தான். அவை இரண்டும் சி டிரைவில்தான் இருந்தன. பேத்தியின் காதுகுத்துப் படங்கள், பாதி எழுதிய எம்.ஃபில். ஆய்வேடு, சிறு கடையின் கணக்கு எல்லாம் போயின. எனக்கு முன்பு வேறொருவர் வந்து போன வீடுகளில் இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு மனம் நொந்திருக்கிறேன். ஒரு விளம்பரப் பட்டையை எடுக்க வீட்டின் நினைவுகளைக் கொடுத்தார்கள்.

அந்த அழிவிலிருந்து காப்பாற்றியவர்கள், காசு வாங்காமல் கருவி எழுதிக் கொடுத்த தனிமனிதர்கள். ஜெர்மனியின் பேட்ரிக் கொல்லா 2000இல் ஸ்பைபாட் எழுதினார். நெதர்லாந்தின் மெரைன் பெல்லெகோம் ஹைஜாக்திஸ் எழுதினார். அப்போது அவர் மாணவர். ஹைஜாக்திஸ் நல்லது கெட்டது சொல்லாது; பட்டியல் மட்டும் போடும். ஆர்0, ஆர்1 என்று தொடங்கும் வரிகள் முகப்புப் பக்கம், தேடல் பக்கம். ஓ2 ஹெல்பர் ஆப்ஜெக்ட், ஓ3 டூல்பார், ஓ4 கணினியோடு சேர்ந்து விழித்துக்கொள்பவை. எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று வரிவரியாகப் படித்து முடிவு செய்ய வேண்டும். எனக்குத் தொழில் கற்பித்தது அந்தப் பட்டியல்தான். பின்னாளில் பிரான்சிலிருந்து வந்த ஆட்வ்கிளீனர், நிறுவவே தேவையில்லாத ஒரு சின்னக் கோப்பு. தேடி, துடைத்து, ஒரு ரீஸ்டார்ட் கேட்கும், அவ்வளவுதான். 2016இல் மால்வேர்பைட்ஸ் அதை வாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகும் பழைய முகப்புப் பக்கமே வந்தால், டெஸ்க்டாப் ஷார்ட்கட்டின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து டார்கெட் பெட்டியின் கடைசியைப் பார்ப்போம். நிரலின் பெயருக்குப் பின்னால் ஒரு தள முகவரியை ஒட்டிவைத்திருப்பார்கள்.

ஒரு வீட்டை மறக்க முடியவில்லை. ஓய்வு பெற்ற தமிழாசிரியர். "இவன் கேம்ஸ் விளையாடி விளையாடிக் கெடுத்துட்டான் சார்" என்று பேரனைக் கைகாட்டினார். பையன் தலை குனிந்து நின்றான். புரோகிராம் ஃபைல்ஸில் அந்த டூல்பாரின் ஃபோல்டர் உருவான நேரத்தைப் பார்த்தேன்: வியாழக்கிழமை காலை பதினொன்றே கால். அதற்கு மூன்று நிமிடம் முன்பு உருவாகியிருந்தது, ஒரு இலவச பி.டி.எஃப். மாற்றி. பையன் அப்போது பள்ளியில் இருந்தான். சான்றிதழ் அனுப்புவதற்காக அதை இறக்கியது தாத்தாதான். இரண்டையும் திரையில் காட்டினேன். அவர் மீதும் குற்றமில்லை. டிக்கை முன்கூட்டியே போட்டுவைத்தவர்கள் மீதுதான் குற்றம் என்று சொன்னேன். அந்தப் பத்தாண்டில் நம் வீடுகளில் எத்தனை பிள்ளைகள் இதற்காக ஏச்சு வாங்கினார்கள்!

சட்டம் கொஞ்சம் உதவியது. ஹாட்பாரை அதே ஆண்டில் தன்னோடு இணைத்துக்கொண்ட ஜாங்கோ நிறுவனத்திடம் 2006இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 30 லட்சம் டாலர் வாங்கியது. ஆனால் உண்மையில் முடித்துவைத்தது பிரவுசரின் மாற்றம். 2004இல் எக்ஸ்.பி. சர்வீஸ் பேக் 2 ஆட்-ஆன்களை முடக்கும் வசதியைக் கொடுத்தது. 2008இல் வந்த குரோமில் டூல்பாருக்கு இடமே இல்லை. 2015இல் மைக்ரோசாஃப்ட் பழைய ஆஸ்க் டூல்பாரை வேண்டாத மென்பொருள் பட்டியலில் சேர்த்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 2022 ஜூன் 15 அன்று ஓய்வு பெற்றது.

பரணில் அந்தக் காலத்துக் கணினி ஏதேனும் கிடந்தால், இரும்புக்கடைக்குப் போடும் முன் அதன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, கொஞ்சம் செலவானாலும் சரி, தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் படங்களை நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபார்மட் போடலாம் என்று அவர் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.