ஸ்தாபன வளர்ச்சியும் அதிகாரத்தின் இடமும்

தொழிற்சாலை, அலுவலகம், மருத்துவமனை போன்ற ஸ்தாபனங்களை அவற்றில் உழைப்போரின் துணைகொண்டே திட்டமிட்டுச் சீர்படுத்தும் முயற்சிக்கு, ஸ்தாபன வளர்ச்சி என்ற பெயர் 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் வழங்கத் தொடங்கிற்று. அதன் சரித்திரத்தை எழுதுவோர், குழுப் பயிற்சி எங்கே பிறந்தது, கருத்தாய்வின் முடிவுகளைப் பணியாளருக்கே திருப்பிச் சொல்லும் வழக்கம் எந்த நிறுவனத்தில் தோன்றியது என்று உபாயங்களின் வரிசையாகவே அதைத் தருகின்றனர். அவ்வரிசையில் பிழையொன்றும் இல்லை. ஆயினும் மாறும்படி கேட்கப்படுகிற மனிதனுக்கு அந்த மாற்றத்தை நிர்ணயிப்பதில் எவ்வளவு அதிகாரம் உண்டு என்ற மூலப் பிரச்சினை அதில் மறைந்துபோகிறது. இத்துறைக்கு அஸ்திவாரமாக நின்ற சில பரிசோதனைகளை மறுபடியும் கூர்ந்து படித்தால், அவற்றின் வெற்றி தோல்விகளைப் பெரிதும் தீர்மானித்தது இப்பிரச்சினைக்கு ஆங்காங்கே அளிக்கப்பட்ட விடையே என்பது புலனாகும் என்று கருதுகிறேன்.

இத்துறையின் மூலபுருஷர் கர்ட் லெவின். 1890இல் அன்றைய பிரஷ்யாவில் யூதக் குடும்பமொன்றில் பிறந்து, பெர்லின் சர்வகலாசாலையில் மனோதத்துவம் போதித்து, நாஜிகள் ஆட்சியைக் கைப்பற்றிய 1933இல் தாய்நாட்டைத் துறந்து அமெரிக்கா சேர்ந்தவர் அவர். மனிதக் கூட்டத்தின் நடத்தை இப்போது இருக்கும் நிலையில் நிற்பதற்குக் காரணம், அதை முன்னே உந்தும் விசைகளும் பின்னே தடுக்கும் விசைகளும் சமநிலையில் இருப்பதே என்பது அவருடைய சித்தாந்தம். இதிலிருந்து அவர் பெற்ற அனுமானம்தான் விசேஷமானது: உந்தும் விசையைக் கூட்டினாலும் நிலை மாறும், தடுக்கும் விசையைக் குறைத்தாலும் மாறும், ஆனால் முன்னதில் இறுக்கம் மிகுகிறது, பின்னதில் தணிகிறது. யுத்த காலத்தில் அயோவாவில் குடும்பத் தலைவிகளிடையே, வழக்கமாக ஒதுக்கப்படும் இறைச்சிப் பகுதிகளைச் சமைக்கும்படி தூண்டிய ஆய்வொன்றில், சொற்பொழிவு கேட்டவர்களில் நூற்றுக்கு 3 பேரும், தாங்களே கூடிப் பேசி முடிவெடுத்தவர்களில் 32 பேரும் அவ்வாறு சமைத்தனர். உறைநிலையை இளக்குதல், நகர்த்துதல், மறுபடி உறையச் செய்தல் என்று அவர் ஓரிடத்தில் சுருக்கமாகச் சொன்ன மூன்று படிகளைப் பிற்காலத்துப் பாடநூல்கள் அவருடைய தத்துவம் முழுவதுமாகப் பெருக்கிவிட்டன. அதைவிடத் தடைகளைப் பற்றிய அனுமானமே அவருக்கு நியாயம் செய்வதாகும்.

இந்தச் சிந்தனை ஆலைக்குள் நுழைந்தது வர்ஜீனியா மாநிலத்து மாரியன் என்ற ஊரில். ஹார்வுட் என்னும் பைஜாமா உற்பத்தி நிறுவனத்தின் தலைவரான ஆல்ஃபிரட் மாரோ தாமே மனோதத்துவம் பயின்றவர், லெவினுக்கு நண்பர். அங்கே லெஸ்டர் கோச்சும் ஜான் ஃபிரெஞ்சும் செய்து 1948இல் வெளியிட்ட பரிசோதனை, இத்துறையில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படுவனவற்றுள் ஒன்று. துணியைத் தேய்த்து மடிக்கும் 18 பேர், அதுவரை அரை டஜன் உருப்படிகளைத் தட்டையான அட்டையின் மேல் அடுக்கி வந்தனர். இனி ஒரு பெட்டிக்குள் அடுக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. மாற்றம் அவ்வளவுதான். போட்டியின் நிர்ப்பந்தத்தையும் புதிய துண்டுக் கூலி விகிதத்தையும் ஒரு கூட்டத்தில் விளக்கி, கேள்விகளுக்கு விடை சொல்லிக் கலைத்துவிட்டனர். உற்பத்தி விழுந்தது, எழவில்லை. முதல் 40 நாட்களுக்குள் நூற்றுக்கு 17 பேர் வேலையைவிட்டே விலகினர். வேறு குழுக்களிடமோ, முந்திய ஆண்டிலும் அவ்வாண்டிலும் தைத்த, பார்வைக்கு ஒன்றேபோன்ற இரண்டு ஆடைகளைக் காட்டி, முன்னது பின்னதைப்போல் இரு மடங்கு விலைக்கு விற்றது என்று சொல்லி, செலவைக் குறைக்கும் வழியை அவர்களையே யோசிக்கச் சொன்னார்கள். பிரதிநிதிகள் மூலமாக அல்லாமல் அனைவருமே நேரில் பங்குகொண்ட இரண்டு சிறு குழுக்களில், கூட்டத்தைக் குறிப்பெடுத்த எழுத்தருக்கே கை ஓயும்படி யோசனைகள் வந்து குவிந்தன. அக்குழுக்களின் உற்பத்தி சில நாட்களில் பழைய நிலையை எட்டி, பிறகு அதைவிட ஏறத்தாழ நூற்றுக்கு 14 பங்கு மேலே சென்றது. இதனினும் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு சங்கதி. முதல் குழுவில் எஞ்சிய 13 பேரை இரண்டரை மாதங்களுக்குப் பின் புதிய வேலைக்கு மாற்றுகையில், இம்முறை அவர்களையும் பங்குகொள்ளச் செய்தபோது, அவர்களும் விரைவாக முன்னேறினர். ஆகவே முன்பு கண்ட எதிர்ப்பு அவர்களுடைய சுபாவத்தில் இருந்ததன்று. மாற்றம் வந்து சேர்ந்த விதத்தில் இருந்தது.

இவ்வளவு ஒப்புக்கொண்ட பின்னும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. மாற்றம் வேண்டுமா என்று அந்தத் தொழிலாளரை யாரும் கேட்கவில்லை. செலவைக் குறைத்தே தீர வேண்டும் என்பதும், அதன் லாபம் எவரிடம் சேரும் என்பதும் கூட்டத்துக்கு முன்பே முடிந்துபோன விஷயங்கள். எப்படி மாறுவது என்ற ஒன்றே அவர்களுக்கு விடப்பட்டது. நார்வே நாட்டுக் காலணித் தொழிற்சாலை ஒன்றில் இதே பரிசோதனையை ஃபிரெஞ்சு தம் சகாக்களோடு நடத்தி 1960இல் வெளியிட்டபோது, உற்பத்தியில் குறிப்பிடத்தக்க பேதம் தோன்றவில்லை. தொழிற்சங்கப் பிரதிநிதிகள் வாயிலாகப் பேசுவதையே நியாயமான வழி என்று கொண்டிருந்த அத்தொழிலாளருக்கு, ஆய்வாளர் அளித்த பங்கு தேவைக்கு மேற்பட்ட ஒன்றாகத் தோன்றியிருத்தல் இயல்பே. பங்கு என்பதன் மதிப்பு அதைக் கொடுப்பவரின் நல்லெண்ணத்தைவிட, பெறுபவர் அதை உரிமையென்று ஏற்பதைப் பொறுத்தது.

உரிமை என்ற கருத்து இத்துறையில் மிகத் தெளிவாக வெளிப்பட்ட சந்தர்ப்பம் ஆலையில் நேரவில்லை. 1946 கோடையில், கனெக்டிகட் மாநிலத்து நியூ பிரிட்டன் நகரில், இனப் பூசல்களைத் தணிக்கப் பாடுபடுவோருக்கு லெவின் நடத்திய முகாமில் நேர்ந்தது. பகலில் அவர்கள் குழுக்களாக விவாதிப்பர். ஆய்வாளர் அருகிருந்து குறிப்பெடுப்பர். இரவில் ஆய்வாளரும் பயிற்சியாளரும் மட்டும் கூடி அக்குறிப்புகளை ஆராய்வர். ஓரிரவு பங்கேற்பாளர் சிலர் தாங்களும் வந்து அமரலாமா என்று கேட்டனர். மற்றவர் தயங்கவும் லெவின் சம்மதித்தார். தம் நடத்தையைப் பற்றி வாசிக்கப்பட்ட குறிப்பை ஒரு பெண்மணி அங்கேயே மறுத்து, நடந்தது அப்படியன்று என்றார். அதன்பின் எழுந்த விவாதம் பகல் அமர்வுகளைவிடப் பயன் தருவதாயிருந்தது. அடுத்தடுத்த இரவுகளில் ஏனையோரும் வரலாயினர். ஆராயப்படுகிறவன் ஆராய்ச்சியின் முடிவுக்குச் சொந்தக்காரன், அதை மறுக்கவும் உரியவன் என்ற நிலை அன்று ஏற்பட்டது. லெவின் 1947 பிப்ரவரியில் காலமானார். அவ்வாண்டுக் கோடையில் மெய்ன் மாநிலத்துப் பெத்தேல் கிராமத்தில் தொடங்கிய பயிற்சிக்கூடம் இம்முறையை நிலைநாட்டியது உண்மையே. ஆனால் நாளடைவில் அதன் கவனம் தனிமனிதனின் உணர்ச்சிகளை நோக்கித் திரும்பி, அவன் திரும்பிச் செல்ல வேண்டிய ஸ்தாபனத்தின் அதிகார அமைப்பை விட்டு விலகியது. இதை ஒரு நஷ்டமென்றே நான் கொள்கிறேன்.

அந்த அமைப்பை நேரே நோக்கியவர்கள் லண்டன் டாவிஸ்டாக் நிலையத்தார். எரிக் டிரிஸ்டும், தாமே சுரங்கத்தில் உழைத்தவரான கென் பாம்ஃபோர்த்தும் 1951இல் பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி எழுதினர். ஒருவரையொருவர் தாமே தேர்ந்துகொண்டு, வெட்டுவது, நிரப்புவது, முட்டுக்கொடுப்பது எல்லாவற்றையும் சேர்ந்தே செய்த பழைய ஜோடிகளை யந்திரமுறை கலைத்து, ஒரே காரியத்தை மூன்று ஷிப்டுகளுக்குக் கூறுபோட்டதனால், ஒரு ஷிப்டின் குறை அடுத்ததன் தலையில் விழ, பழிகூறலும் வேலைக்கு வராமையும் மலிந்தன என்று அவர்கள் காட்டினர். யந்திர ஏற்பாடும் சமூக ஏற்பாடும் ஒன்றாகவே அமைக்கப்பட வேண்டும் என்ற சித்தாந்தத்துக்கு இதுவே வித்து.

அவ்வித்து நம் தேசத்தில் முளைத்த கதை உரிய கவனம் பெறவில்லை. அகமதாபாத்தின் காலிகோ மில்லில் 1952இல் தானியங்கித் தறிகள் வந்தும் எதிர்பார்த்த பலன் விளையவில்லை. 1953இல், கௌதம் சாராபாய் தலைவராயிருந்த அந்த நிறுவனத்துக்கு டாவிஸ்டாக்கைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் வந்து பார்த்தபோது, ஒரு தறிக்கூடத்தில் 224 தறிகளுக்கு 29 பேர் இருந்தனர். நெசவாளர் ஒருவருக்கு 24 அல்லது 32 தறிகள். ஊடைநூல் நிரப்புபவருக்கு 40 அல்லது 50. இழை அறுந்ததைச் சரிசெய்பவருக்கு 60 அல்லது 80. எனவே ஒரு தறி நின்றால் அதற்குப் பொறுப்பானவர் இவரிவர் என்று எவராலும் ஒரு கூட்டத்தைச் சுட்டிக்காட்ட முடியாது. ஒரு தறித்தொகுதிக்கு ஒரு குழு முழுப்பொறுப்பு ஏற்கலாமே என்ற யோசனையை மேற்பார்வையாளர்களும் தொழிலாளரும் கேட்ட மாத்திரத்தில் தமதாக்கிக்கொண்டு, யார் யாரோடு சேர்வது என்பதைத் தாங்களே முடிவுசெய்து, 64 தறிகளுக்கு 7 பேராகக் குழுக்களை அமைத்துவிட்டனர். உற்பத்தித் திறன் உயர்ந்தது. பழுதான துணி குறைந்தது. 1958இல் ரைஸ் இதை நூலாக வெளியிட்டார். ஹார்வுட்டில் தொழிலாளர் பெற்றது யோசனை சொல்லும் வாய்ப்பு. இங்கே பெற்றது, தம் குழுவுக்குள் வேலையைப் பகிர்ந்துகொள்ளும் அதிகாரம்.

1969இல் ரிச்சர்ட் பெக்கார்ட் இத்துறைக்கு எழுதிய பிரசித்தமான இலக்கணமோ, அது திட்டமிட்டதாய், ஸ்தாபனம் முழுவதையும் தழுவியதாய், மேலிடத்திலிருந்து நடத்தப்படுவதாய் இருக்க வேண்டும் என்கிறது. மேலிடத்தின் ஆதரவின்றி எதுவும் நிலைக்காது என்ற அனுபவமே அவரை அவ்வாறு எழுதச் செய்திருக்கும்; அகமதாபாத்திலும் சாராபாயின் இசைவின்றி எதுவும் தொடங்கியிராது. எனினும் ஆதரிப்பதும் நடத்துவதும் ஒன்றல்ல. மேலிடம் நடத்துகிற முயற்சியில், நியூ பிரிட்டனில் அந்தப் பெண்மணி செய்த மறுப்புக்கு இடம் எங்கே என்பதை அந்த இலக்கணம் சொல்லவில்லை.

ரைஸின் தறிக்கூடங்களை 1970இல் எரிக் மில்லர் மீண்டும் போய்ப் பார்த்து, 1975இல் தம் முடிவுகளை வெளியிட்டார். ஒரு கூடத்தில் குழு முறையும் உற்பத்தியும் ஏறக்குறைய ஆதியில் இருந்தபடியே இருந்தன. மற்றவற்றில் முறை தளர்ந்திருந்தது. சந்தையின் போக்கு மாறி நிர்வாகத்தின்மேல் நெருக்கடி ஏறியபோது, குழு தானே செய்துகொள்ள வேண்டியவற்றில் மேற்பார்வையாளர் தலையிடலாயினர். எவரும் அந்த முறையை ரத்து செய்யவில்லை; அது சிறிது சிறிதாகத் தேய்ந்தது. ஹார்வுட் பரிசோதனையின் வரைபடமோ மாற்றத்துக்குப் பிந்திய சில வாரங்களையே காட்டுகிறது. அந்த அவகாசத்தில் இத்தகைய தேய்மானம் கண்ணுக்குத் தென்படாது. குழுவின் எல்லைக்குள் முதலில் நுழைந்த உத்தரவு எது, எந்த நெருக்கடியில், யாருடைய சம்மதத்தின்மேல் வந்தது என்பதை ஆண்டுக்கணக்கில் உடனிருந்து குறித்து வைக்கும் ஆய்வுகளே இத்துறைக்கு இன்று அவசியமாயிருக்கின்றன. அவற்றையும் ஆலையில் உழைப்போரே முதலில் படித்து, வேண்டுமானால் மறுத்துரைக்க வேண்டும்.