கம்பி வழியே வந்த இதயத் துடிப்பு

நோயாளி ஓரிடம், கருவி வேறிடம் என்பது இன்றைய புதுமையென நீங்கள் நினைக்கலாம். 1905-ஆம் ஆண்டிலேயே நெதர்லாந்தின் லைடன் நகரில் இது நடந்தது.

வில்லெம் ஐந்தோவன் என்ற உடலியல் பேராசிரியர், இதயத்தின் நுண்ணிய மின்னோட்டத்தைப் பதிவு செய்ய ஒரு கால்வனாமீட்டரை அமைத்திருந்தார். வலிமைமிக்க காந்தப்புலத்தில் வெள்ளி பூசிய குவார்ட்ஸ் இழை. மின்னோட்டம் பாய்ந்தால் இழை அசையும். அதன் நிழல் ஒளிப்படத்தில் பதியும். கருவியின் எடையோ சுமார் 270 கிலோகிராம்! அதை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல இயலுமா? ஆகவே, ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த மருத்துவமனையைத் தொலைபேசிக் கம்பியால் தம் ஆய்வுக்கூடத்துடன் இணைத்தார். அங்கே நோயாளி உப்புநீரில் கையை வைத்தார்; இங்கே அவரது இதயத் துடிப்பு வரைகோடாயிற்று. 1924-இல் ஐந்தோவனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கம்பி கொண்டு வந்தது மின்குறிப்பை மட்டுமே. முகவாட்டமும் தோலின் சூடும் அதில் வரவில்லை. எனினும் நோயாளியின் அருகிலேயே மருத்துவர் இருந்ததால் குறையில்லை.

இன்று வீட்டிலிருந்தே திரையில் மருத்துவரைக் காண்கிறோம். பயணமும் காத்திருப்பும் மிச்சம். தொற்று பரவும் அச்சமும் குறைவு. ஆனால் வயிற்றை அழுத்திப் பார்க்கும் விரல்கள் நம்மருகே இல்லை. நேரில் பார்த்தாக வேண்டுமா என்று முடிவு செய்யும் பொறுப்பை, 2020-இல் இந்தியாவில் வெளியான நெறிமுறைகள் மருத்துவரிடமே விட்டன. “நேரில் வாருங்கள்” என்று அவர் சொன்னால் தயங்காமல் புறப்படுங்கள். கம்பியின் எல்லையை அறிந்தே அவர் அழைக்கிறார்.