முதல் கீறல்

நாமக்கல்லில் லாரி முதலாளி ஒருவர் எனக்கு நண்பர். புது லாரி ஒன்று வாங்கினார். சந்தனம், குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் எல்லாம் முறைப்படி நடந்தன. ஒரு மாத காலம் காலையும் மாலையும் அதைத் துணியால் துடைப்பதே அவருக்கு வேலை. பிறகு ஒரு நாள் மூட்டை ஏற்றும்போது கதவில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல் விழுந்துவிட்டது. சுமைதூக்கிய மனிதருக்கு அன்றைய கூலி கிடையாது என்று சொல்லிவிட்டார்.

"ஏனுங்க முதலாளி, இது லோடு ஏத்தறதுக்கு வாங்கின வண்டிங்களா, கண்ணாடிப் பெட்டியிலே வைக்கறதுக்கு வாங்கினதுங்களா?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பதில் தேடிச் சரித்திரத்தைப் புரட்டினேன்.

ஐரோப்பாவில் குதிரை வண்டிக் காலத்தில், ஒரு கோச்சு வண்டிக்கு வர்ணம் பூசி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். எண்ணெயில் குழைத்த வர்ணம் அது. காற்றிலுள்ள பிராணவாயுவை இழுத்துக்கொண்டு மெல்ல மெல்லத்தான் இறுகும். ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பின் தேய்த்து, மறுபடி பூசி, கடைசியில் வார்னிஷ் அடிப்பார்கள். லாயத்து அம்மோனியா ஆவி பட்டாலே அந்த மெருகு கெட்டுவிடும் என்று வண்டியைக் குதிரைக்கு அருகில் நிறுத்தமாட்டார்கள். அத்தனை பேருடைய உழைப்பு ஒரு கீறலில் பாழானால் வயிறு எரியத்தானே செய்யும்?

1896-இல் ஜெர்மனியில் டைம்லர் முதல் லாரியைச் செய்தார். வண்டியிலிருந்து குதிரை போயிற்று. வர்ணத்தின் நிதானம் போகவில்லை. 1913-இல் ஹென்றி ஃபோர்டு நகரும் வரிசையில் கார்களைப் பூட்டத் தொடங்கிய பிறகும், வர்ணம் காய்வதற்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முடிவு கட்டியது டூபாண்ட் கம்பெனியின் 'டூகோ' வர்ணம். அதில் கலந்த திரவம் ஆவியாகப் பறந்ததும் பூச்சு காய்ந்துவிடும். ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1924-ஆம் வருஷத்து ஓக்லண்டு கார்களுக்கு நீல நிறத்தில் அதைப் பூசி விற்றது. வாரக்கணக்கு மணிக்கணக்காயிற்று.

மெருகு மலிந்தது, மெருகைப் பற்றிய கவலை மட்டும் மலியவில்லை. கோச்சு வண்டிப் பிரபுவின் பயத்தை லாரியிலும் ஏற்றிக்கொண்டு திரிகிறோம்.

வர்ணத்தின் முதல் வேலை அழகு அல்ல; நீரும் காற்றும் இரும்பைத் தொடாமல் காப்பது. சேறு ஈரத்தைப் பிடித்து வைக்கும், ஆகவே கழுவத்தான் வேண்டும். கீறல் இரும்பு வரை போனால் துருப் பிடிக்கும், ஆகவே வர்ணம் தொட்டு வைக்கத்தான் வேண்டும். மற்றத் தேய்மானமெல்லாம் வண்டி உழைத்துச் சம்பாதித்ததற்கு அடையாளம்.

இதையெல்லாம் நண்பரிடம் விஸ்தாரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த முறை போனபோது கீறல் மறைந்திருந்தது.

"கூலியைக் கொடுத்துவிட்டீர்களா?" என்று கேட்டேன்.

"பெயிண்டருக்குத்தானே? அன்றைக்கே கொடுத்துவிட்டேனே!" என்றார்.