மாற்று அச்சும் மாற்றுச் சங்கிலியும்

மரக்காணத்து உப்பளங்களைக் கண்டு திரும்புவோர்க்கு உமணர் நினைவு எழாமல் போகாது. சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் இப்பகுதியே என்று அறிஞர் பலர் கருதுவர்.

உமணர் வண்டியைக் கூர்ந்து நோக்கிய புலவர்கள் இருந்தனர். பெரும்பாணாற்றுப்படை அதன் சூட்டையும் ஆரையும் பாரையும் தனித்தனியே காட்டுகிறது; எருதுகளை ஓட்டுபவள் கைக்குழந்தையுடைய பெண் என்பதையும் சொல்லாமல் விடவில்லை. புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், வழியில் மேடுபள்ளம் நேருமென்று அஞ்சி உமணர் வண்டியடியில் கட்டிச் செல்லும் மாற்று அச்சுக்கு அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஒப்பிடுகிறார். பலமுறை படித்த உவமைதான். ஆயினும், அந்த அச்சு பக்கத்து வண்டிக்குப் பொருந்துமா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. பொருந்தியிராது என்றே இப்போது எண்ணுகிறேன். தச்சன் கையளவு வண்டிக்கு வண்டி வேறு.

பின்னாளில் பக்கிங்காம் கால்வாய்த் தோணிகள் உப்பைச் சுமந்தன, பிறகு லாரிகள். தெருத்தெருவாக விற்பவருக்கு மட்டும் சைக்கிள் வாய்த்தது. வழியில் அறுந்து அவரை நிறுத்திவிடக் கூடியது இனி அச்சன்று, சங்கிலி.

இன்று நாம் காணும் உருளைச் சங்கிலிக்கு வடிவம் தந்தவர் ஹான்ஸ் ரெனால்ட். சுவிட்சர்லாந்தில் பிறந்து மான்செஸ்டரில் குடியேறிய அவர், 1879இல் ஜேம்ஸ் ஸ்லேட்டரின் சங்கிலித் தொழிலை வாங்கி, 1880இல் தம் சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார். பின், அதன்மேல் புஷ், அதன்மேல் சுழலும் ரோலர்: அவ்வளவே அதன் உடல். அட்லாண்டிக்கின் மறுகரையில் இண்டியானாபொலிஸ் நகரின் டைமண்ட் நிறுவனம் வளர்ந்தது. ரைட் சகோதரர்கள் 1903இல் பறந்த விமானத்தின் சுழல்விசிறிகளைச் சுற்றியவை அந்நிறுவனத்தின் சங்கிலிகளே.

இவ்விரு மரபுகளும் சென்னையில் சந்தித்தன என்பது நம்மவர் அதிகம் பேசாத செய்தி. 1949இல் முருகப்பா குழுமம் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸுடன் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. 1960இல் அதே குழுமம் அமெரிக்க டைமண்டுடன் இணைந்து டி.ஐ. டைமண்ட் செயினை நிறுவியது.

சிக்கல் இங்கேதான். இரு நாட்டுச் சங்கிலிகளிலும் அரை அங்குல வகை உண்டு. பின்னுக்கும் பின்னுக்கும் இடையிலுள்ள தொலைவு, அதாவது பிட்ச், இரண்டிலும் 12.7 மில்லிமீட்டர். பிட்ச் ஒத்ததென்று நம்பி வாங்குபவர் ஏமாறுவார். அமெரிக்க வகையில் ரோலரின் விட்டம் 7.92 மி.மீ.; பிரிட்டிஷ் வகையில் 8.51. சைக்கிள் சங்கிலியிலோ 7.75. பெரிய ரோலர், சிறியதற்கென வெட்டிய பல்லிடுக்கின் அடியில் அமராது. மேலேறி நின்று பல்லைத் தின்னும். உள்ளகலமும் வேறு: சைக்கிள் சங்கிலியில் எட்டில் ஒரு பங்கு அங்குலந்தான், எந்திரச் சக்கரத்தின் தடித்த பல் அதற்குள் நுழையவே நுழையாது. சர்வதேசத் தர நிர்ணயமான ஐ.எஸ்.ஓ. 606 இரு மரபுகளையும் ஒன்றாக்கவில்லை. 08ஏ, 08பி என்று அருகருகே உட்கார வைத்தது. எட்டு என்பது பதினாறில் எட்டுப் பங்கு அங்குலம். பொருத்தத்தைச் சொல்வது அதன் பின்னுள்ள எழுத்து. கடையில் எண்ணை மட்டும் சொல்லி வாங்கியவர் பாடு திண்டாட்டந்தான்!

மரக்காணம் போன்ற கரையில் இன்னொரு பகையும் உண்டு. உப்புக்காற்று எண்ணெய் வறண்ட பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையே துருவை ஊட்டுகிறது. துரு அரைத்து அரைத்து மூட்டுகள் தளர, சங்கிலி "நீள்கிறது". இரும்பு நீள்வதில்லை, மூட்டுகள்தாம் தேய்கின்றன. சோதிக்க அடிக்கோல் போதும். புதிய சைக்கிள் சங்கிலியில் 24 பிட்ச் சரியாக 12 அங்குலம். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடினால் சங்கிலியை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு கூடும்வரை விட்டுவிட்டால், அதற்குள் பற்களும் நீண்ட சங்கிலிக்கு ஏற்பத் தேய்ந்திருக்கும். அச்சக்கரத்தில் புதுச் சங்கிலியை மாட்டினால், அளவெல்லாம் சரியாயிருந்தும் மிதிக்கும்போது நழுவும். அப்போது பின்சக்கரத்துப் பிரீவீலையும் சேர்த்தே வாங்கவேண்டியிருக்கும்.