கிருபைக்குச் சான்று கேட்டவர்கள்

1637 நவம்பர். பாஸ்டனிலிருந்து சார்லஸ் நதியைத் தாண்டினால் நியூடவுன். பிற்பாடு கேம்பிரிட்ஜ் என்று பெயர் மாறிய ஊர்தான். அங்கிருந்த வழிபாட்டு வீட்டில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் பொது மன்றம் கூடியிருக்கிறது. சட்டம் இயற்றுவதும் அந்த மன்றம்தான், வழக்கு விசாரிப்பதும் அதுதான். முன்னால் நிற்பவர் ஆன் ஹட்சின்சன். வயது 46. 15 குழந்தைகளைப் பெற்றவர். ஊரில் பிரசவம் பார்ப்பவர். உடம்பு முடியாதது முகத்தில் தெரிந்ததால் கொஞ்ச நேரம் கழித்து உட்காரச் சொன்னார்கள். விசாரிப்பவர் ஆளுநர் ஜான் வின்த்ராப். குற்றம் சாட்டுபவரும் அவரே, தலைமை நீதிபதியும் அவரே. போதாக்குறைக்கு, பாஸ்டனில் இருவரும் எதிரெதிர் வீட்டுக்காரர்கள்.

நான் எந்தச் சட்டத்தை மீறினேன் என்று ஆன் திரும்பத் திரும்பக் கேட்கிறார். வின்த்ராப் கடைசியில் பத்துக் கட்டளைகளில் ஐந்தாவதை எடுக்கிறார். தாய் தகப்பனைக் கனம்பண்ணச் சொல்லும் கட்டளை. ஆட்சியாளர்கள் நாட்டுக்குத் தகப்பன் போல. அவர்களை அவமதித்த ஆட்களுக்கு நீ துணைபோனாய், ஆகவே கட்டளையை மீறினாய். இப்படிப் போகிறது வாதம். இழுத்துக் கட்டியதுதான். ஆனால் அவருக்கு வேறு வழியில்லை. அந்தக் குடியேற்றத்தில் அப்போது எழுதிவைத்த சட்டத்தொகுப்பே கிடையாது.

இதில் விசித்திரம் ஒன்று உண்டு. அந்த அறையில் இருந்த இரண்டு தரப்பும் ஒரே விஷயத்தை நம்பியவர்கள். மனிதன் சட்டத்தைக் கடைப்பிடித்து மீட்படைய முடியாது, கடவுளின் கிருபையால் மட்டுமே முடியும் என்பதுதான் அது. இதற்காகவே இங்கிலாந்துத் திருச்சபையோடு சண்டை போட்டு, கடல் தாண்டி வந்தவர்கள். கிருபையை நம்பியவர்கள், கிருபையை ரொம்பவே நம்பிவிட்டாள் என்று ஒரு பெண்ணை நாடு கடத்தினார்கள். ஏன்?

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். தமிழ் பைபிளில் இரண்டு சொற்கள் அருகருகே வரும்: நியாயப்பிரமாணம், கிருபை. யூதச் சட்டத்தின் கட்டளைகள் முதலாவது. எந்தத் தகுதியும் பார்க்காமல் கடவுள் தருவது இரண்டாவது. ரோமாபுரியில் இருந்தவர்களுக்கு எழுதிய கடிதத்தில் பவுல், நீங்கள் இனி நியாயப்பிரமாணத்தின் கீழ் இல்லை, கிருபையின் கீழ் இருக்கிறீர்கள் என்கிறார். உடனே அடுத்த கேள்வியையும் அவரே கேட்டுக்கொள்கிறார்: அப்படியானால் இஷ்டத்துக்குப் பாவம் செய்யலாமா? கூடவே கூடாது என்று பதிலும் சொல்லிவிடுகிறார். ஆனால் அந்தக் கேள்வி அதோடு அடங்கவில்லை. கிருபையைப் பற்றி யார் உரக்கப் பேசினாலும் பின்னாலேயே வந்து நிற்கும். சரியாக நூறு வருஷம் முன்பு, 1537இல், விட்டன்பர்க்கில் மார்ட்டின் லூதரின் நண்பர் யோஹான் அக்ரிகோலா, கிறிஸ்தவனுக்கு இனி சட்டத்தைப் போதிக்கவே தேவையில்லை என்று வாதாடினார். கிருபையின் பேராசிரியரான லூதரே அவருக்கு எதிராக எழுந்து நின்றார். சட்ட மறுப்பாளர்கள் என்ற பெயர் அந்தச் சண்டையில் பிறந்தது. நூறு வருஷம் கழித்து அதே பெயரை ஆன் ஹட்சின்சன் தலையில் ஒட்டினார்கள்.

மாசசூசெட்ஸின் பியூரிட்டன்களுக்கு இந்தக் கேள்வியில் இன்னொரு முடிச்சும் இருந்தது. யார் மீட்கப்படுவார்கள் என்பதைக் கடவுள் முன்பே முடிவு செய்துவிட்டார் என்று அவர்கள் நம்பினார்கள். நல்லது. ஆனால் அந்தப் பட்டியலில் நான் இருக்கிறேனா என்று எனக்கு எப்படித் தெரியும்? பெரும்பாலான போதகர்கள் சொன்ன பதில் இது: உன் வாழ்க்கையைப் பார். ஒழுக்கம், ஜெபம், பாவத்தின் மேல் வெறுப்பு எல்லாம் வளர்ந்துகொண்டே வந்தால் கிருபை உள்ளே வேலை செய்கிறது என்று அர்த்தம். நற்செயல் மீட்பைக் கொண்டுவராது, ஆனால் மீட்புக்குச் சான்றாக நிற்கும்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சான்று என்ற ஒன்று வந்துவிட்டால் அதைச் சரிபார்க்க ஆள் வந்துவிடுவார். 1631லேயே, சபை உறுப்பினர்களுக்கு மட்டும்தான் ஓட்டு என்று அந்தக் குடியேற்றம் முடிவு செய்திருந்தது. 1630களின் நடுவில், சபையில் சேர வேண்டுமென்றால் கிருபை தனக்குள் எப்படி வந்தது என்று எல்லோர் முன்னாலும் எழுந்து சொல்ல வேண்டும் என்ற வழக்கம் வந்தது. நம்மூர்ச் சபைகளில் சாட்சி சொல்வதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புரியும். ஒரே வித்தியாசம், இங்கே சாட்சி ஒரு தேர்வு. தேறினால் உள்ளே, தேறாவிட்டால் வெளியே. நியூடவுன் போதகர் தாமஸ் ஷெப்பர்ட் தன் சபையார் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். 50க்கும் மேற்பட்ட சாட்சிகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. வேலைக்காரப் பெண்கள் முதல் வசதியானவர்கள் வரை பேசுகிறார்கள். வெற்றிக் கதைகளை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். முக்கால்வாசியும் தயக்கம், சந்தேகம்.

அந்தச் சந்தேகம் எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கு வின்த்ராப்பின் நாட்குறிப்பில் ஒரு பதிவு உண்டு. அதே 1637. பாஸ்டன் சபையைச் சேர்ந்த ஒரு பெண். பெயர் இல்லை. தன் ஆன்மாவின் நிலை பற்றி நீண்ட நாள் வதைபட்டிருக்கிறாள். ஆறுதல் வார்த்தை எதுவும் காதில் ஏறவில்லை. ஒருநாள் தன் கைக்குழந்தையைக் கிணற்றில் போட்டுவிட்டு வீட்டுக்குள் வந்து, இனி நான் நரகத்துக்குத்தான் போவேன் என்று நிச்சயமாகத் தெரிந்துவிட்டது என்கிறாள். அவளுக்கு வேண்டியிருந்தது நரகம் இல்லை, நிச்சயம்.

இப்படிப்பட்ட ஊரில்தான் ஆன் ஹட்சின்சன் வந்து இறங்கினார், 1634இல். இங்கிலாந்தில் ஆல்ஃபர்ட் என்ற சிற்றூரில் இருந்தபோது, ஏறக்குறைய 40 கிலோமீட்டர் போய் ஜான் காட்டன் என்ற போதகரைக் கேட்டவர். காட்டன் அமெரிக்கா வந்ததும் குடும்பத்தோடு பின்னாலேயே வந்துவிட்டார். பிரசவம் பார்க்கப் போகிற வீடுகளில் பெண்களின் பயத்தை நேரில் பார்த்திருப்பார். பிரசவம் என்றால் சாவு பக்கத்திலேயே நின்ற காலம் அது. தன் வீட்டில் வாரம் ஒருமுறை பெண்களைக் கூட்டி, போதகரின் பிரசங்கத்தை விளக்கிப் பேச ஆரம்பித்தார். அப்புறம் ஆண்களும் வந்தார்கள். கூட்டம் 60 பேருக்கு மேல் போனது.

அவர் சொன்னது எளிமையானது. உன் நல்ல நடத்தையைப் பார்த்து நீ மீட்கப்பட்டாய் என்று முடிவு செய்யாதே. கபடக்காரன்கூட ஒழுக்கமாக நடக்க முடியும். கிருபையின் நிச்சயத்தை ஆவியானவர் நேரடியாகத் தருவார். கிணற்றடிப் பெண் மாதிரியானவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட விடுதலை என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் ஆன் அத்துடன் நிற்கவில்லை. காட்டனையும் தன் கணவரின் தங்கை வீட்டுக்காரரான ஜான் வீல்ரைட்டையும் தவிர மற்றப் போதகர்கள் போதிப்பது கிருபையே அல்ல, கிரியைகளின் உடன்படிக்கைதான் என்று சொன்னதாக அவர்மேல் புகார் வந்தது. அதாவது, கிருபையின் பெயரில் சட்டத்தை விற்கிறார்கள்.

1636இல் ஆளுநராக இருந்த 23 வயது ஹென்றி வேன் ஆனின் பக்கம். 1637 மே தேர்தலில் வின்த்ராப் திரும்ப வந்தார். இதற்கு நடுவில் பீக்வட் பழங்குடியினரோடு போர். படையோடு போகும் போதகர் ஜான் வில்சன் கிரியைகளின் ஆள் என்பதால் பாஸ்டன்காரர்கள் போருக்குப் போகத் தயங்கினார்கள். அந்த மே மாதம்தான் மிஸ்டிக் என்ற இடத்தில் பீக்வட் கிராமத்தைத் தீவைத்து, குழந்தைகள், பெண்கள் உட்பட நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றார்கள். அதற்காக எந்த மன்றமும் கூடவில்லை. ஒழுக்கத்தைச் சான்றாக எண்ணிக்கொண்டிருந்த ஊரில் அது யாருடைய கணக்கிலும் ஏறவில்லை. ஆனின் ஆட்களும் படைப் போதகரின் இறையியலைத்தான் குறை சொன்னார்களே தவிர, தீயை அல்ல.

விசாரணைக்குத் திரும்புவோம். முதல் நாள் ஆன் பிடியே கொடுக்கவில்லை. வீட்டில் கூட்டம் போட என்ன அதிகாரம் என்றால், மூத்த பெண்கள் இளையவர்களுக்குக் கற்றுத்தர வேண்டும் என்ற பைபிள் பகுதியை எடுத்துக் காட்டினார். இரண்டாம் நாள், சாட்சி சொல்லும் போதகர்கள் சத்தியப்பிரமாணம் செய்யட்டும் என்றார். காட்டன் எழுந்து, மற்றவர்கள் சொல்கிற அந்த வார்த்தைகளை அவர் சொன்னதாக எனக்கு நினைவில்லை என்றுவிட்டார். வழக்கு கிட்டத்தட்ட கையைவிட்டுப் போன நேரம். அப்போது ஆனே பேசத் தொடங்கினார். எந்தப் போதகர் உண்மையானவர் என்று கடவுளே தனக்குக் காட்டியதைச் சொன்னார். கடவுள்தான் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். மகனைப் பலியிடச் சொன்னது கடவுள்தான் என்று ஆபிரகாமுக்கு எப்படித் தெரிந்தது என்று திருப்பிக் கேட்டார். நேரடி வெளிப்பாடு. அவ்வளவுதான், மன்றத்துக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

வில்லியம் காடிங்டன் என்பவர் மட்டும் எழுந்து, இவர் கடவுளின் சட்டத்தையும் மீறவில்லை, நாட்டின் சட்டத்தையும் மீறவில்லை என்று சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் இரண்டே பேர். தீர்ப்பு, நாடு கடத்தல். என்ன காரணத்துக்காக என்று ஆன் கடைசியாகக் கேட்டதற்கு, காரணம் மன்றத்துக்குத் தெரியும், அது போதும் என்ற ரீதியில் பதில் வந்தது.

வின்த்ராப்பை வில்லனாக்குவது சுலபம். அவருடைய பயமும் நிஜம்தான். காட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஏழே வயதான ஒரு குடியேற்றம். லண்டன் அவர்களுடைய அரச சாசனத்தைப் பிடுங்கப் பார்த்துக்கொண்டிருந்தது. கடவுள் என்னிடம் நேராகச் சொன்னார் என்று ஆளாளுக்குக் கிளம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நூறு வருஷம் முந்தைய ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரக் கலவரம் உதாரணமாக இருந்தது. தீர்ப்புக்குச் சில நாள் கழித்து 75 ஆண்களிடமிருந்து ஆயுதங்களைப் பறித்த உத்தரவில் ஜெர்மனி பற்றிய அந்தப் பயம் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது.

ஆனால் பயம் அதோடு நிற்கவில்லை. 1638 மார்ச்சில் பாஸ்டன் சபை ஆனைத் தனியாக விசாரித்து விலக்கி வைத்தது. வெளியே நடந்தபோது கூட எழுந்து போனவர் அவருடைய தோழி மேரி டயர். யார் அந்தப் பெண் என்ற பேச்சில், சில மாதம் முன்பு அவருக்கு உருக்குலைந்த சிசு ஒன்று இறந்து பிறந்ததும், அதை ரகசியமாகப் புதைத்ததும் வெளியே வந்தது. வின்த்ராப் அதைத் தோண்டி எடுக்க வைத்தார். 100 பேருக்கு மேல் கூடி நின்று பார்த்தார்கள். அது கடவுளின் தண்டனை, ஆனின் போதனை பொய் என்பதற்குச் சான்று என்று எழுதிவைத்தார். உள்ளத்தில் சான்று தேட ஆரம்பித்தவர்கள் கடைசியில் குழந்தையின் குழியில் வந்து தேடினார்கள்.

நான் மென்பொருள் எழுதுகிறவன். வேலை பார்த்த ஓரிடத்தில் எழுதும் நிரலில் 80 சதவீதத்துக்கு டெஸ்ட் கவரேஜ் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. நல்ல நோக்கம்தான். மூன்று மாதத்தில் எண் வந்துவிட்டது. எதையும் சோதிக்காத சோதனைகளை எழுதி நிரப்பியிருந்தோம். நானும்தான். நல்ல வேலையின் அடையாளமாக இருந்த ஒன்று, நாங்கள் நல்லவர்கள் என்று காட்டுவதற்கான பொருளாகிவிட்டது. எண் கொஞ்சம் குறைந்தால் வயிற்றைக் கலக்கும். பியூரிட்டன்களை வாசிக்கும்போது அந்த மூன்று மாதங்கள்தான் ஞாபகம் வந்தன. நற்செயல் சான்றாகிவிட்டால் அது நற்செயலாக இருப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரனுக்கு உதவுவதும் எனக்கான மதிப்பெண்தான்.

அப்படியானால் சட்டமே வேண்டாமா? இந்தக் கதை அப்படிச் சொல்லவில்லை. 1641இல் மாசசூசெட்ஸ் தன் முதல் சட்டத்தொகுப்பை நிறைவேற்றியது. ஏறக்குறைய 100 பிரிவுகள். எடுத்த எடுப்பிலேயே, முறையாக வெளியிடப்பட்ட சட்டம் இல்லாமல் யாரையும் கைது செய்யவோ நாடு கடத்தவோ கூடாது என்கிறது. நான்கு வருஷம் முன்னால் இருந்திருந்தால் ஆன் அதைத்தான் கையில் பிடித்திருப்பார். ஆனால் அதே வாக்கியத்தின் முடிவில் ஒரு சந்தும் வைத்திருந்தார்கள்: சட்டம் இல்லாத இடத்தில் கடவுளின் வார்த்தைப்படி முடிவு செய்யலாம். கடவுளின் வார்த்தைக்கு யார் அர்த்தம் சொல்வார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆனும் காடிங்டனும் போய்ச் சேர்ந்த அக்விட்நெக் தீவில், அதே 1641இல், போதனைக்காக யாரையும் குற்றவாளியாக்குவதில்லை என்று முடிவெடுத்தார்கள். எழுதிவைத்த சட்டம் கிருபைக்கு எதிரி இல்லை. அது கையை மட்டும் பார்க்கும். உள்ளத்தைத் திறந்து காட்டு என்று கேட்கும் எழுதாத சட்டம்தான் ஆனைத் துரத்தியது.

ஆனையும் இதிலிருந்து விட்டுவிட முடியாது. யார் கிருபையில் இருக்கிறார்கள் என்று பார்த்தால் எனக்குத் தெரியும் என்று அவரும் சொன்னார். தன் மேல் வைத்த தராசைப் பிடுங்கிப் போதகர்கள் மேல் வைத்தார். 1643இல், டச்சுக்காரர்களுக்கும் பழங்குடியினருக்கும் நடந்த போரின் நடுவே, இன்றைய நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிள்ளைகளோடு கொல்லப்பட்டார். பாஸ்டனில் அதையும் சான்றுக் கணக்கில்தான் சேர்த்தார்கள். குவேக்கராக மாறிய மேரி டயரை 1660இல் அதே பாஸ்டனில் தூக்கிலிட்டார்கள். ஆனுக்கு மாசசூசெட்ஸ் ஆளுநர் மன்னிப்பு வழங்கியது 1987இல்.

கிணற்றில் விழுந்த குழந்தையைப் பற்றி வின்த்ராப் ஒரு வரி எழுதியிருக்கிறார். தாய் சொன்னதைக் கேட்ட சிலர் உடனே வெளியே ஓடி, குழந்தையை உயிரோடு தூக்கிவிட்டார்கள். அவர்கள் யார், சபையில் சாட்சி சொல்லித் தேறியவர்களா, ஓட்டுரிமை உள்ளவர்களா, எந்தப் போதகரின் கட்சி என்று ஒன்றும் அவர் குறிக்கவில்லை. ஓடினார்கள், தூக்கினார்கள். அவ்வளவுதான் இருக்கிறது அந்தப் பதிவில்.