ஒன்பது இரவு மருந்து

கண்ணிமையில் கட்டி புறப்பட்டவனுக்கு அன்றைக்கு வேறு கவலை ஏதும் இராது. ராஜாவானாலும் சரி, மாடு மேய்ப்பவனானாலும் சரி, வைத்தியனைத்தான் தேடுவான். ஆயிரம் வருஷங்களுக்கு முன் இங்கிலாந்தில் அப்படித் தேடி வந்தவர்களுக்காக எழுதிவைத்த ஒரு மருந்தின் கதை இது.

பத்தாம் நூற்றாண்டில் பழைய ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்தச் சுவடிக்குப் 'பால்டின் வைத்திய நூல்' என்று பெயர். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. பூண்டும் வெங்காய இனத்துச் செடி ஒன்றும் சம அளவில் எடுத்து இடிக்க வேண்டும். திராட்சை மதுவும் மாட்டுப் பித்தநீரும் சேர்த்துப் பித்தளைப் பாத்திரத்தில் ஒன்பது இரவு வைக்க வேண்டும். பிறகு துணியில் வடிகட்டி, இரவில் இறகால் கண்ணில் இட வேண்டும்.

படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். நாட்டிங்ஹாம் சர்வகலாசாலையில் இருவர் சிரிக்கவில்லை. பழைய ஆங்கிலம் அறிந்த கிரிஸ்டினா லீ அதை மொழிபெயர்த்துக் கொடுத்தார். கிருமி ஆராய்ச்சியாளர் பிரேயா ஹாரிசனும் சகாக்களும் எழுதியபடியே செய்து பார்த்தார்கள். அந்தச் செடி வெங்காயமா, லீக் என்ற அதன் உறவுச் செடியா என்று நிச்சயமில்லை. ஆகவே இரண்டையும் வைத்துச் செய்தார்கள். பித்தளைப் பாத்திரத்துக்குப் பதில் கண்ணாடிக் குப்பியில் பித்தளைத் துண்டுகளைப் போட்டார்கள்.

எதிரி லேசானதல்ல. கண்கட்டிக்கும் காரணமான ஸ்டாபிலோகாக்கஸ் கிருமியில், மருந்துக்கு அடங்காத வகை அது. பென்சிலினுக்கு அடங்காத கிருமிகளை ஒடுக்க 1959-ல் மெத்திசிலின் வந்தது. 1961-லேயே அதையும் எதிர்த்து நிற்கும் கிருமிகள் பிரிட்டனில் தென்பட்டுவிட்டன.

2015-ல் முடிவு வெளியாயிற்று. சோதனைக்கூடத்தில் அமைத்த செயற்கைப் புண்களில் ஆயிரத்தில் ஒரு கிருமிதான் பிழைத்தது. எலிகளின் புண்களில் நூற்றுக்குத் தொண்ணூறு வரை மடிந்தன. பூண்டைத் தனியே, பித்தநீரைத் தனியே என்று ஒவ்வொன்றாகச் சோதித்தபோது அந்தப் புண்களில் குறிப்பிடத்தக்க பலன் ஒன்றும் இல்லை. ஒன்பது நாளில் வெங்காயத்திலும் பூண்டிலும் ஒட்டி வந்த மண் கிருமிகளைக்கூட அந்தக் கலவையே கொன்றிருந்தது. ஆக, கூட்டும் காத்திருப்பும் சேர்ந்தே மருந்து.

இதைப் படித்துவிட்டு யாரும் சமையலறையில் பூண்டு இடித்துக் கண்ணில் விட்டுக்கொள்ள வேண்டாம். சோதனைக்கூடத்துக் குப்பிக்கும் மனிதன் கண்ணுக்கும் இடையே வெகு தூரம்.

'முன்னோர் சொன்னது பொய்க்குமா?' என்று மார்தட்டவும் இடமில்லை. அதே சுவடியில் குறும்புத் தேவதைகள் உண்டாக்கும் நோய்க்கும் மருந்து எழுதியிருக்கிறது! கண் மருந்தை எழுதியதும் அதே நம்பிக்கைதான், அதே மைதான். எது நெல், எது பதர் என்பது சுவடியின் வயதைப் பார்த்துத் தெரியவில்லை. ஒன்பது இரவு பொறுத்திருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரிந்தது.