லூபஸ் நோயும் ஒடுக்கும் உயிரணுக் கொள்கையும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

நோயெதிர்ப்பு மண்டலம் தன் உடலின் திசுக்களையே தாக்குவதால் விளையும் நோய்களுள் லூபஸ் குறிப்பிடத்தக்கது. தோல், மூட்டு, சிறுநீரகம் எனப் பல உறுப்புகளைப் பாதிக்கும் இந்நோய் பெண்களிடமே மிகுதியாகக் காணப்படுகிறது. தாக்கும் ஆற்றல் மிகுவதால் இது தோன்றுகிறதா, அதனை அடக்கும் ஆற்றல் குன்றுவதால் தோன்றுகிறதா என்னும் வினாவின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

கொள்கையின் தோற்றமும் வீழ்ச்சியும்

1948-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஹார்கிரேவ்ஸ் குழுவினர், லூபஸ் நோயாளியரின் எலும்பு மச்சையில், பிற உயிரணுவின் உட்கருப் பொருளை விழுங்கிய வெள்ளணுக்களைக் கண்டனர். உட்கருவுக்கு எதிரான எதிர்ப்பொருள்களே இதற்குக் காரணம் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. எனவே ஆய்வாளர் கவனம் தாக்கும் பொருள்களின் மீது குவிந்தது.

1970-இல் கெர்ஷான், கோண்டோ ஆகியோர் எதிர்ப்பு வினையை ஒடுக்கும் டி உயிரணுக்கள் உண்டு என்னும் கருத்தை முன்வைத்தனர். 1976-இல் அப்தூ குழுவினர், லூபஸ் நோயாளியரிடம் இவ்வுயிரணுக்களின் செயல் பிறழ்ந்திருப்பதாக அறிவித்தனர். ஆயினும் அவற்றின் அடையாளமாகக் கருதப்பட்ட ஐ-ஜே மரபணு, எலியின் மரபணுத் தொகுதியில் உரிய இடத்தில் இல்லை என்பது 1980-களின் தொடக்கத்தில் புலனாயிற்று. அடையாளம் பொய்த்ததால் கொள்கையும் மதிப்பிழந்தது.

கொள்கையின் மீட்சி

1995-இல் ஜப்பானிய அறிஞர் சகாகுச்சி, சிடி25 புரதம் தாங்கிய டி உயிரணுக்களை நீக்கி, எஞ்சியவற்றை டி உயிரணுக்கள் அற்ற எலிகளுக்குச் செலுத்தினார். அவ்வெலிகளுக்குத் தன்னெதிர்ப்பு நோய்கள் தோன்றின. நீக்கியவற்றைச் சேர்த்தபோது அந்நோய்கள் தடுக்கப்பட்டன. 2001-இல் பிரன்கோ, ராம்ஸ்டெல் ஆகியோரின் ஆய்வுகள் ஃபாக்ஸ்பி3 மரபணுவை இனங்கண்டன. அம்மரபணுவே ஒழுங்குபடுத்தும் உயிரணுக்களின் உருவாக்கத்தை ஆள்கிறது என்பது 2003-இல் உறுதிப்பட்டது. இம்மூவரும் 2025-இல் நோபல் பரிசு பெற்றனர்.

லூபஸ் நோயாளியரின் டி உயிரணுக்கள் இன்டர்லூக்கின்-2 என்னும் பொருளைக் குறைவாகவே சுரக்கின்றன. ஒழுங்குபடுத்தும் உயிரணுக்கள் நிலைத்து வாழ அப்பொருள் இன்றியமையாதது. ஆனால் நோயாளியரிடம் அவ்வுயிரணுக்களின் எண்ணிக்கை குறைவு, இயல்பு, மிகுதி என ஆய்வு முடிவுகள் முரண்படுகின்றன. தூண்டப்பட்ட தாக்கும் உயிரணுக்களிலும் சிடி25 தோன்றுவது இம்முரணுக்கு ஒரு காரணமாகும். 1980-களில் எழுந்த அடையாளச் சிக்கல் இங்கு வேறு வடிவில் தொடர்கிறது.

தமிழர் குறித்த ஆய்வு

புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் 2015-இல் தென்னிந்தியத் தமிழரிடையே டிஎல்ஆர்2, டிஎல்ஆர்9 மரபணுக்களை ஆராய்ந்தனர். அவற்றின் மீதான இயற்கைத் தேர்வு, லூபஸுக்கு ஆட்படும் தன்மையைப் பாதித்திருக்கலாம் என்பது அவர்தம் கருத்து. இம்மரபணுக்கள் நுண்ணுயிர்க் கூறுகளை உணர்ந்து எதிர்ப்பைத் தூண்டுபவை. ஆகவே இவ்வாய்வு தூண்டும் பக்கத்தைச் சார்ந்தது.

முடிவுரை

ஒடுக்கும் உயிரணுக் கொள்கை வீழ்ந்தமைக்குக் காரணம் அதன் மையக்கருத்து அன்று. அதற்குச் சூட்டப்பட்ட அடையாளமே. எனவே தமிழ் நோயாளியரிடம் தூண்டலையும் அடக்கலையும் இணைத்து நோக்கும் ஆய்வுகள், உயிரணுக்களை எந்த அடையாளத்தால் எண்ணின என்பதைத் தெளிவாகக் குறித்தல் வேண்டும். எண்ணிக்கையோடு அடக்கும் செயலையும் அளந்தாலன்றி அம்முடிவுகளை ஒப்பிடுதல் அரிது.